ஒரு பேசோ

என் ஏட்டில் இதன் மதிப்பு ஒரு பேசோ.
தேய்மானம் கழித்துக் கழித்து
சுழியில் கொண்டுபோய் நிறுத்தாமல்,
பொருள் இன்னும் இருக்கிறது என்பதற்காக
நாங்கள் கணக்கில் விட்டுவைக்கும்
அந்த ஒற்றைப் பேசோ.

வால்டிவியாவில் மூன்றாவது வாரமாக மழை.
மேசைக்கடியில் பெட்டி இரைகிறது,
மீன் சந்தைக்குப் பின்னால்
தின்ற வயிற்றோடு புரளும் கடற்சிங்கம் மாதிரி.
ஏப்ரல்.
பதினோரு பேருடைய வரிக்கணக்கு இதற்குள்:
படகுக்கார ஓயர்சூன், கேக் கடை ஹில்டெகார்ட்,
சவப்பெட்டி செய்யும் சகோதரர்கள் இருவர்
(ஊரில் யாருக்குப் படுத்தாலும்
இவர்கள் வியாபாரம் படுப்பதில்லை).

"தூக்கிப் போடு, ஒடெத்"
சாந்தியாகோவிலிருந்து தங்கை யாஸ்னா.
ஒரு நாளைக்கு மூன்று லிங்க் அனுப்புகிறாள்.
நான்கு லட்சத்து இருபதாயிரம்,
பன்னிரண்டு தவணை, வட்டி இல்லை.
வட்டி இல்லாத தவணை என்று
கணக்கெழுதுகிறவளிடமே சொல்கிறாள்.

பிக்கார்ட்டே சாலையில் பழுது பார்க்கும் பையன்
விரல்விட்டு எண்ணினான்:
போர்டை மாற்றினால் பிராசஸர் பொருந்தாது,
பிராசஸரை மாற்றினால் பழைய ராம் ஒட்டாது,
அதையும் மாற்றினால் பவர் சப்ளை போதாது.
"கடைசியில் மிஞ்சுவது தகரப் பெட்டிதான், சேன்யோரா.
அதிலும் கீறல்."

சுவிட்சைத் தட்டினால்
திரை விழிக்க நான்கு நிமிடம்.
ஆண்டுக்கு முந்நூறு நாள், பதினோரு ஆண்டு.
பதின்மூவாயிரத்து இருநூறு நிமிடம்,
அதாவது ஒன்பது நாள், நான்கு மணி நேரம்.
எங்கே போயிற்று அது?
விறகடுப்பில் கட்டை தள்ளினேன்.
எதிர்வீட்டுத் துத்தநாகக் கூரையில்
துரு எந்தப் பக்கமாகப் படர்கிறதென்று பார்த்தேன்.
ஒருமுறை அழுது முடித்து, முகம் கழுவி,
கடவுச்சொல் கேட்கும் நேரத்துக்குச் சரியாக
நாற்காலியில் இருந்தேன்.
இதை எந்தத் தலைப்பில் பற்று வைப்பது?

நேற்றிரவு பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினேன்.
தூசி இல்லை அது, கம்பளி.
வாசல் கதவுக்குப் போடும் பிரஷ்ஷால் வாரினேன்.
அடியில் பச்சைத் தகடு,
அதில் இரண்டு ராம் அட்டைகள்.
ஒன்று நேராக நின்றது,
மற்றது ஒரு முனையில் மட்டும் லேசாகத் தூக்கி,
பேருந்தில் பாதி சீட்டில் ஒட்டியிருப்பவனைப் போல.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
டக்.

எட்டு ஜிபி என்கிறது இப்போது.
பில்லிலும் எட்டுதான். எடுத்துப் பார்த்தேன்.
பதினோரு ஆண்டும் திரை நான்கு என்றுதான்
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
ஊரார் பில்லையெல்லாம்
ஒரு பேசோ பிசகாமல் ஒத்துப்பார்த்தவள் நான்.
சொருகியது எலெயாசர்.
ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் பியர்,
"முடிந்தது ராணி, ஆன் பண்ணு."
அவனைக் குறை சொல்வதற்கில்லை,
ஒரு பக்கத்துக் கொக்கியைப் பூட்டித்தான் இருந்தான்.
பிரிந்தபோது
பாத்திரம், நாய், கடன் எல்லாம் பாதி பிரித்தோம்.
இந்த நான்கு ஜிபி பங்கில் வரவில்லை.

காலையில் இரண்டரை நிமிடம்.
அடுப்புக்குக் குனிந்து நிமிர்வதற்குள்
வந்து நிற்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது.
எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

யாஸ்னாவுக்கு ஒன்றும் எழுதவில்லை.
அவள் லிங்க்கை மூடவும் இல்லை.
எஸ்எஸ்டி ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன்,
இருபத்தெட்டாயிரம், வெள்ளிக்கிழமை வருகிறது.
பதிவேட்டைத் திறந்து
பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.
பழுதுச் செலவென்று எழுதினால்
இந்த மாதத்தோடு போயிற்று.
சொத்தில் கூட்டினால்
ஒரு பேசோவின் மேல் இருபத்தெட்டாயிரம் ஏறும்,
தேய்மானம் முதலிலிருந்து தொடங்கும்,
இன்னும் எத்தனை ஆண்டு என்று
ஒரு கட்டத்தில் எண் போடவேண்டும்.

ஓயர்சூன் வாசலில் நிற்கிறார்,
நனைந்த ரசீதுகளோடு.